பிடுங்கிப் பார்த்த பிறகே நம்பு

அன்புள்ள யாழினி,

நான்கு ஸ்விட்ச்சுகளை ஒரே ஸ்டாக்காக அமைக்கும் பொறுப்பு உனக்கு வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. கட்டளைகளை மனப்பாடம் செய்வதற்கு முன், அவை எதற்காக என்று தெரிந்துகொள்.

முதலில் விலேன். ஒரு ஸ்விட்ச்சில் செருகிய கருவிகள் எல்லாம் இயல்பாக ஒரே வலையில் இருக்கும். ஒன்று அனுப்பும் பிராட்காஸ்ட் மற்ற அனைத்தையும் எட்டும். கணக்குப் பிரிவு, சிசிடிவி கேமரா, விருந்தினர் வைஃபை மூன்றையும் தனித்தனி விலேனில் போட்டால், பெட்டி ஒன்றானாலும் வலை மூன்று. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ரவுட்டிங் வேண்டும். எதை விடுவது, எதைத் தடுப்பது என்று நீ விதி எழுத வேண்டிய இடம் அதுதான். விதியே இல்லாமல் ரவுட்டிங்கைத் திறந்துவிட்டால், பிரித்ததால் பாதுகாப்பு கிடைக்காது.

பல விலேன்கள் ஒரே கேபிளில் போவதற்கு, 1998-இல் வெளியான 802.1க்யூ தரம் ஃபிரேமுக்குள் 4 பைட் அடையாளத்தைச் செருகுகிறது. அதில் விலேன் எண்ணுக்கு 12 பிட். கிடைக்கும் 4,096 எண்களில் 0, 4095 இரண்டும் ஒதுக்கப்பட்டவை, மீதி 4,094.

அடுத்து ஸ்டாக். ஸ்டாக் கேபிளால் இணைந்த ஸ்விட்ச்சுகள் ஒரே ஸ்விட்ச்சாக இயங்கும். சிஸ்கோ கேட்டலிஸ்ட் 3750 வரிசையில் 9 வரை இணைக்கலாம். ஒன்று தலைமை ஏற்கும். அது விழுந்தால் இன்னொன்று பொறுப்பெடுக்கும். யார் தலைமை என்பதை முன்னுரிமை எண் கொடுத்து நீயே தீர்மானித்துவிடு. கடைசி ஸ்விட்ச்சிலிருந்து முதல் ஸ்விட்ச்சுக்கும் கேபிள் போட்டு வளையத்தை மூடு. அப்போது ஒரு கேபிள் அறுந்தால் வேகம் குறையும், வேலை நிற்காது. மூடாமல் விட்டால், நடுவில் ஒன்று அறுந்ததும் ஸ்டாக் இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியும் ஒரே ஐபி முகவரிக்கு உரிமை கொண்டாடும்.

ஸ்டாக்கிலிருந்து மேல்மட்ட ஸ்விட்ச்சுக்குச் செல்லும் இரண்டு இணைப்புகளையும் ஒரே ஸ்விட்ச்சிலிருந்து எடுக்காதே. வெவ்வேறு ஸ்விட்ச்சுகளிலிருந்து எடுத்து, எல்ஏசிபி மூலம் ஒன்றாகக் கட்டு. இரண்டு பவர் சப்ளை இருந்தால் அவை வேறு வேறு யுபிஎஸ்ஸுக்குப் போகட்டும்.

மாற்று வழியே ஆபத்தாவதும் உண்டு. ஸ்டாக் கேபிளின் வளையத்தை ஸ்டாக்கே கவனித்துக்கொள்ளும். சாதாரண போர்ட்டுகளுக்கு இடையே வளையம் உண்டானால் கதை வேறு: ஈதர்நெட் ஃபிரேமுக்கு ஆயுள் எண் கிடையாது. பிராட்காஸ்ட் சுற்றிச் சுற்றிப் பெருகி, வலையையே முடக்கிவிடும். இதைத் தடுக்கத்தான் ரேடியா பெர்ல்மன் 1985-இல் டிஇசி நிறுவனத்தில் ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறையை உருவாக்கினார். அதற்கும் எல்லை உண்டு. பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் வலை ஆண்டுக்கணக்கில் ஒட்டுப்போட்டு வளர்ந்து, அந்த எல்லையைத் தாண்டியிருந்தது. 2002 நவம்பரில் அது பல நாட்கள் தடுமாறியது. மருத்துவர்கள் காகிதத்துக்குத் திரும்ப நேர்ந்தது.

ஆகவே வரைபடத்தில் இரண்டு கோடு தெரிகிறது என்று நிம்மதி அடையாதே. அலுவலகம் திறக்கும் முன் ஒரு கேபிளைப் பிடுங்கு. தலைமை ஸ்விட்ச்சின் மின்சாரத்தை நிறுத்து. எத்தனை நொடியில் வலை மீள்கிறது என்று குறித்து வை. சோதித்துப் பார்க்காத மாற்று வழியை இருப்பதாகக் கணக்கில் சேர்க்காதே.

அன்புடன்,
மாமா