பச்சைப் புள்ளியும் எலிச் சோதனையும்

மீனெண்ணெயை விலக்கும் நம் இல்லங்களில், அதற்கு மாற்றாகக் கடற்பாசியினின்று பெறும் ஒமேகா-3 எண்ணெய்க் குளிகைகள் இடம்பெறத் தொடங்கியுள்ளன. "பச்சைப் புள்ளி இட்டிருக்கிறதே, சாவகர் ஐயமின்றி உட்கொள்ளலாம் அன்றோ?" என அம்பத்தூர் அன்பர் சிலர் நம்மை வினவினர்.

பச்சைப் புள்ளி, பொருளில் புலால் கலவாமையை மட்டுமே உணர்த்தும். அது சந்தைக்கு வருமுன் எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதைக் கூறாது. புதுவகை எண்ணெய் தீங்கற்றது என நிறுவ, அதனை உணவில் கலந்து எலிகளுக்கு 90 நாட்கள் ஊட்டுவர். பிரிவொன்றுக்குக் குறைந்தது 10 ஆண், 10 பெண் எலிகள். மூன்று அளவுகளில் எண்ணெய் பெறும் பிரிவுகளும், பெறாத பிரிவு ஒன்றும் உண்டு. முடிவில் அவற்றைக் கொன்று கல்லீரல், இதயம், சிறுநீரகம் முதலியவற்றை ஆராய்வர். ஆக, ஒரு சோதனைக்கு ஏறத்தாழ 80 ஐயறிவுயிர்கள். பாசியெண்ணெய்களும் இத்தகைய சோதனைகளைக் கடந்து வந்தவையே.

எலிக்கு உணவூட்டி ஆராயும் முறை நம் நாட்டிற்குப் புதிதன்று. 1920களிலேயே குன்னூரில் மெக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர், பல மாகாணத்தாரின் உணவுகளை எலிகளுக்கு ஊட்டி ஒப்பிட்டார்.

எனினும் எலியின் உடல் நம் உடலன்று. கடுகெண்ணெயிலுள்ள எருசிக் அமிலத்தை மிகுதியாக உண்ட இளம் எலிகளின் இதயத் தசையில் கொழுப்புப் படிந்தது கண்டு, ஐரோப்பியச் சமூகம் 1976இல் அவ்வமிலத்திற்கு உச்சவரம்பு விதித்தது. அதனை எரித்துப் பயன்கொள்ளும் ஆற்றல் எலிக்குக் குறைவு என்பதும், ஊட்டுதலைத் தொடர்ந்தாலும் அக்கொழுப்பு நாளடைவில் குறைகிறது என்பதும் பின்னர்த் தெளிவாயின. வங்காளத்தாரோ தலைமுறை தலைமுறையாகக் கடுகெண்ணெயிலேயே சமைத்து வருகின்றனர். எலிச் சோதனை முழுதும் வீண் என்று நாம் கூறவில்லை. அது இறுதித் தீர்ப்பாகாது என்கிறோம்.

இயங்குயிர்களைக் கருதிக் கொல்லுதலை, மனமொழி மெய்களால், தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் என்னும் மூவழியிலும் விலக்குவதே அகிம்சை அணுவிரதம் என்பது சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் காட்டும் நெறி. குளிகை வாங்குபவர் கொன்றவரல்லர். கொல்வித்தவர் என்றும் சொல்லற்கில்லை. உடன்பாடு என்னும் மூன்றாவது வழியே நம்மை உறுத்துகிறது. விளம்பரம் கண்டு புதுப்புது எண்ணெய்களை நாடுவோர் இருக்கும்வரை, புதுப்புதுச் சோதனைகளும் நிகழும்.

நல்லெண்ணெய்க்கு எந்த எலியும் சான்று சொல்ல வேண்டியதில்லை. நம் முன்னோர் உண்டு வாழ்ந்ததே சான்று. ஆளிவிதையிலும் ஒருவகை ஒமேகா-3 உண்டு. ஆனால் நம் உடல் அதில் சிறு பகுதியையே பாசியெண்ணெயிலுள்ள வகையாக மாற்றும். இதனை மறைத்தல் வாய்மைக்கு ஏலாது. எனவே கருவுற்ற தாய்க்கோ சிசுவுக்கோ மருத்துவர் பணித்தவிடத்துக் குற்றம் காண்பது நம் நோக்கமன்று. நலமுள்ளோர் நாகரிகம் கருதி உட்கொள்வதையே தவிர்க்கச் சொல்கிறோம்.

1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், இயலுமிடமெல்லாம் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்கிறது. அழகுப் பொருட்களுக்கான விலங்குச் சோதனை 2014இல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. உணவுப் பொருட்களுக்கு அத்தகைய தடை இல்லை. குளிகை வாங்கும் அன்பர்கள், உறையிலுள்ள முகவரிக்கு ஓர் அஞ்சலட்டையேனும் எழுதி, "இவ்வெண்ணெய்க்கென இனியும் விலங்குச் சோதனை நடத்துவீர்களா?" என்று கேட்கலாம்.