பனிக்காலத்தில் மல்லிகைத் தொட்டி

டொராண்டோ வீட்டு வாசலில் கோடை முழுக்கப் பூத்தது குண்டுமல்லியா, ஜாதிமல்லியா? இலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். குண்டுமல்லிக்குத் தனி இலை. கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே நிற்கும். ஜாதிமல்லிக்கு ஒரே காம்பில் 5 முதல் 9 சிற்றிலைகள்.

இரண்டுமே உறைபனி தாங்காது. இரவு வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் தொட்டியை உள்ளே எடுத்துவிட வேண்டும். அதற்கு முன் இலைகளின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால், செஞ்சிலந்தி கூடவே குடியேறாது.

தெற்கு ஜன்னலோரம் நல்ல இடம். ஹீட்டர் காற்று நேரே படக்கூடாது. மண்ணில் ஓர் அங்குலம் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். உரம் வேண்டாம்.

மார்ச்சில் கவாத்து செய்யலாம். புதுத் துளிரில்தான் மொட்டு வரும். மே கடைசியில் வெளியே வைத்ததும், முதல் ஒரு வாரம் நிழலிலேயே இருக்கட்டும்.