சிறு தாளில் ஒரு நாட்டின் கதை

‘மூர்த்தி சிறிதெனினும் கீர்த்தி பெரிது’ என்பர் பெரியோர். அஞ்சல்தலைக்கு இது முற்றும் பொருந்தும். கட்டைவிரல் அளவே உள்ள அந்தத் தாள் இரண்டு பணிகளைச் செய்கிறது. கடிதத்தைக் கொண்டு சேர்ப்பதற்கான கட்டணம் செலுத்தப்பட்டுவிட்டது என்பதற்கு அது சான்றாகிறது. அதோடு, தன்னை வெளியிட்ட நாடு எவற்றைப் பெருமையாகக் கருதுகிறது என்பதையும் காட்டுகிறது.

அஞ்சல்தலை தோன்றுவதற்கு முன்பு, பிரிட்டனில் கடிதத்தைப் பெறுபவரே பெரும்பாலும் கட்டணம் செலுத்தினார். தொலைவையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்துக் கட்டணம் உயர்ந்தது. பணம் இல்லாத ஏழைகள் கடிதத்தை வாங்காமலே திருப்பி அனுப்பினர். இந்நிலையை மாற்ற, அனுப்புபவரே முன்கூட்டிக் குறைந்த கட்டணம் செலுத்தும் முறையை 1837இல் ரோலண்ட் ஹில் முன்மொழிந்தார். அதன் பயனாக, உலகின் முதல் அஞ்சல்தலையான ‘பென்னி பிளாக்’ 1840ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. விக்டோரியா அரசியாரின் உருவம் அதில் இருந்தது. நாட்டின் பெயர் இல்லை. இன்றும் பிரிட்டன் தன் அஞ்சல்தலைகளில் பெயரைப் பொறிப்பதில்லை. இலங்கை அஞ்சல்தலைகளிலோ நாட்டின் பெயரைத் தமிழ் எழுத்திலும் காணலாம்.

நம் நாட்டு அஞ்சல்தலைகளை ஆண்டு வரிசையில் அடுக்கினால், ஆட்சி மாற்றங்கள் அனைத்தும் கண்முன் விரியும். நீரிணைக் குடியேற்றங்களில் முதலில் இந்திய அஞ்சல்தலைகளே பயன்பட்டன. 1867இல் அவற்றின்மேல் கிரீடமும் காசு மதிப்பும் மேலச்சிடப்பட்டன. 1891இல் வெளிவந்த சிலாங்கூர் அஞ்சல்தலையில் பாயும் புலி இடம்பெற்றது. ஜப்பானியர் ஆட்சியில், ஏற்கெனவே இருந்த மலாயா அஞ்சல்தலைகள்மீது ஜப்பானிய எழுத்துகள் பதிக்கப்பட்டன. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகத்தின் பெயர் அந்த இடத்தைப் பிடித்தது. 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் வெளியான விடுதலை அஞ்சல்தலையிலோ, மக்கள் சூழத் துங்கு அப்துல் ரஹ்மான் காட்சியளித்தார்.

அதே ஆண்டு மே மாதம் வெளியான மலாயாக் கூட்டரசின் 6 காசு அஞ்சல்தலை நம் கவனத்திற்குரியது. இரப்பர் மரம் சீவும் காட்சியே அதில் இடம்பெற்றது. 1986இல் வெளிவந்த வேளாண் பொருள் வரிசையிலும் காப்பி, தேங்காய், கொக்கோ, மிளகு, நெல் ஆகியவற்றுடன் 15 சென் தலையில் இரப்பரும், 20 சென் தலையில் செம்பனையும் இருந்தன. இரப்பரும் செம்பனையும் நாட்டின் செல்வம் என்று அந்தப் படங்கள் கூறின. அச்செல்வத்தைப் பெருக்கிய தோட்டப் பாட்டாளிகளில் தமிழர் பலர் என்பதை அவை கூறவில்லை. ஆனால், அந்தப் பாட்டாளிகளின் பெயர்கள் வேறோரிடத்தில் உள்ளன. அஞ்சல்தலை ஒட்டப்பட்ட உறையிலேயே அவை எழுதப்பட்டுள்ளன.

அவ்வுறையைப் படிக்க அஞ்சல் முத்திரை உதவும். ஒரு முறை பயன்படுத்திய அஞ்சல்தலையை மீண்டும் பயன்படுத்தாமல் தடுக்கவே முத்திரை குத்துகின்றனர். அதில் ஊரும் தேதியும் இருக்கும். போர்ட் கிள்ளான் 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்டது. ஆகவே, பழைய பெயர் கொண்ட முத்திரையைக் கண்டால், அக்கடிதத்தின் காலத்தை ஓரளவு கணிக்கலாம். தலையின் விலை, முத்திரையின் ஊர், அனுப்பியவர் பெயர், தமிழ்நாட்டுச் சிற்றூரின் முகவரி ஆகியவை ஒன்றுசேர்ந்தால் அது ஒரு குடும்பத்தின் வரலாற்றுச் சான்றாகும். அஞ்சல்தலையை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டால், அந்தச் சான்று சிதைந்துவிடும். எனவே, பழைய உறைகளை முழுமையாகவே பாதுகாக்க வேண்டும். ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைப்பதும், அஞ்சல்தலைகளை விரலால் தொடாமல் இடுக்கியால் எடுப்பதும் நல்ல பழக்கங்கள்.

பிரிக்பீல்ட்ஸில் உள்ள துன் சம்பந்தன் சாலையை நம்மில் பலர் அறிவோம். துன் வீ.தி. சம்பந்தன் 1959 முதல் 1971 வரை பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்புத் துறை அமைச்சராகப் பணியாற்றியவர். மலேசியா உருவான 1963இல் வெளிவந்த நினைவு அஞ்சல்தலைகளும், 1965இல் வெளிவந்த ஆர்க்கிட் மலர் வரிசையும் அவர் பொறுப்பிலிருந்த காலத்தவை. அம்மலர் வரிசையில், மலர்ப்படங்கள் எல்லா மாநிலங்களுக்கும் பொதுவாக இருந்தன; அவற்றோடு சிலாங்கூர் முதலிய மாநிலங்களின் தலைகளில் அந்தந்தச் சுல்தானின் உருவம் இடம்பெற்றது. ‘நாடு ஒன்று, மாநிலங்கள் பல’ என்ற கருத்தை அது எளிதாக உணர்த்தியது.

இன்று கைப்பேசிச் செய்தி நொடியில் சென்று சேர்கிறது. கடிதம் எழுதுவோர் குறைந்துவிட்டனர். வீடு மாறும்போதும், பழைய பெட்டிகளைத் துப்புரவு செய்யும்போதும் எத்தனையோ கடித உறைகள் குப்பைக்குப் போகின்றன. மாணவர்களே, உங்கள் தாத்தா பாட்டியிடம் அத்தகைய உறைகள் உள்ளனவா என்று கேளுங்கள். இருந்தால், அவற்றை எழுதியவர் யார், பெற்றவர் யார் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டுக் குறித்து வையுங்கள். முத்திரையில் ஊரும் நாளும் கிடைக்கும். உறவின் கதையை அவர்களால் மட்டுமே சொல்ல முடியும்.