வாக்கு இல்லாத வயதில் ஓர் அரசியல் பாடம்

"பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அரசியல் எதற்கு? முதலில் படிக்கட்டும்." நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆனால் அதே பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் வாக்குரிமை வந்துவிடுகிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று அதுவரை யாரும் கற்றுக் கொடுத்திருப்பதில்லை.

அமெரிக்காவில் இந்த இடைவெளியை நிரப்ப, உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென்றே மாநில அளவில் கட்சி அமைப்புகள் இருக்கின்றன. நம் உறவினர் பலரின் பிள்ளைகள் இன்று அந்நாட்டுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். ஆகவே இந்த அமைப்புகளின் நன்மையையும், அவற்றில் கவனமாக இருக்க வேண்டிய இடங்களையும் இம்மாதப் பாடத்தில் காண்போம்.

அமைப்பு இயங்கும் விதம்

அங்கு உயர்நிலைப் பள்ளி என்பது ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை. ஜனநாயகக் கட்சிச் சார்பில் 'ஹைஸ்கூல் டெமாக்ரட்ஸ்', குடியரசுக் கட்சிச் சார்பில் 'டீன் ஏஜ் ரிபப்ளிகன்ஸ்' போன்ற அமைப்புகள் உள்ளன. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் பல பள்ளிகளில் கிளைகளும், அவற்றுக்கு மேலே மாணவர்களே பொறுப்பு வகிக்கும் மாநிலக் குழுவும் உண்டு.

வேலைகள் எளியவை: கூட்டம் நடத்துவது, வேட்பாளருக்காக வீடுவீடாகச் செல்வது, தொலைபேசியில் வாக்காளர்களிடம் பேசுவது, ஒரு மசோதாவைப் படித்து விவாதிப்பது. கதவைத் தட்டும் பிள்ளை, முகத்தைத் திருப்பிக்கொள்பவரிடமும் மரியாதையாகப் பேசப் பழகுகிறது. பாடநூலில் கிடைக்காத பயிற்சி இது.

சட்டம் தரும் பாதுகாப்பு

இந்த உரிமை எளிதில் கிடைத்துவிடவில்லை. 1965 டிசம்பரில், வியட்நாம் போரில் மாண்டவர்களுக்கு இரங்கல் தெரிவித்து, அயோவா மாநிலத்தின் டெமாய்ன் நகரில் சில மாணவர்கள் கையில் கறுப்புப் பட்டை அணிந்து பள்ளிக்குச் சென்றார்கள். அவர்களில் மேரி பெத் டிங்கருக்கு வயது 13. பள்ளி அவர்களை இடைநீக்கம் செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பள்ளி வாசலைத் தாண்டியதும் மாணவர்களின் கருத்துரிமை பறிபோய்விடாது என்று 1969-இல் ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர், இருவர் மாறுபட்டனர்.

1984-இல் 'ஈக்குவல் ஆக்சஸ்' சட்டம் வந்தது. மத்திய அரசின் நிதி பெறும் பொது உயர்நிலைப் பள்ளி, பாடத்தோடு தொடர்பில்லாத ஒரு மாணவர் மன்றத்துக்கு இடம் கொடுத்தால், அரசியல் அல்லது சமயம் சார்ந்தது என்பதற்காக இன்னொரு மன்றத்தை மறுக்கக் கூடாது. ஒரு கிறிஸ்தவ மாணவர் மன்றம் தொடர்பான வழக்கில், 1990-இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்றது. முஸ்லிம் மாணவர்கள் மன்றம் அமைப்பதற்கும் இதே சட்டம்தான் துணை நிற்கிறது. ஒருவருக்குத் திறந்த கதவு எல்லோருக்கும் திறந்தாக வேண்டும் என்பதே இதன் சாரம்.

இச்சட்டத்தில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. மன்றத்தை மாணவர்களே தாமாக முன்வந்து தொடங்க வேண்டும். வெளியாட்கள் அதை நடத்தவோ, கட்டுப்படுத்தவோ, வழக்கமாக வந்து அமரவோ கூடாது.

வாக்கு இல்லாமலே செய்யக் கூடியவை

1971-இல் 26-ஆவது திருத்தம் வாக்குரிமை வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைத்தது. கலிஃபோர்னியாவில் 16 வயதிலேயே வாக்காளர் பட்டியலுக்கு முன்பதிவு செய்யலாம். பெற்றோர், பள்ளி இருவரின் அனுமதியோடு வாக்குச்சாவடியில் பணியாற்றவும் 16 வயது மாணவருக்கு வழி உண்டு.

பொதுத் தேர்தலுக்குள் 18 வயது நிறைபவர், அதற்கு முந்தைய கட்சித் தேர்தலில் 17 வயதிலேயே வாக்களிக்கட்டும் என்ற யோசனையை 2020-இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் நிராகரித்தார்கள். ஆனால் அதே மாநிலத்தின் ஓக்லண்ட், பெர்க்லி நகரங்களில் 16 வயதினர் 2024-இல் பள்ளி வாரியத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார்கள். மாநிலம் மறுத்தாலும் ஊர் அளவில் வழி பிறந்தது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது

குடியுரிமை பெறாத குடும்பங்கள் இங்கே மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். விசாவில் இருக்கும் பிள்ளை, ஊதியம் வாங்காமல் தேர்தல் பிரசாரத்தில் தொண்டு செய்யலாம். நிரந்தர வசிப்புரிமை இல்லாதவர் தேர்தலுக்கு நன்கொடை தரக் கூடாது. வாக்காளர் பதிவும் முன்பதிவும் குடிமக்களுக்கு மட்டுமே. நிரந்தர வசிப்புரிமை இருந்தாலும் போதாது. நண்பர்கள் எல்லோரும் நிரப்புகிறார்களே என்று படிவத்தில் 'குடிமகன்' என்று குறித்துக் கையொப்பமிட்டால், பின்னாளில் குடியுரிமை மறுக்கப்படலாம். நாடு கடத்தப்படவும் நேரலாம். கூட்டத்துக்குப் போவதைத் தடுப்பதைவிட, இந்த ஒரு செய்தியைப் பிள்ளையிடம் விளக்கிச் சொல்வது முக்கியம்.

எந்தக் கட்சியின் மாணவர் அமைப்பானாலும் மூன்று கேள்விகளால் உரசிப் பார்ப்போம்.

ஒன்று: முடிவுகளை மாணவர்கள் எடுக்கிறார்களா, பெரியவர்கள் எடுத்த முடிவுக்குக் கை தட்டுகிறார்களா?

இரண்டு: சொந்தக் கட்சியின் நிலைப்பாட்டை ஒரு மாணவர் மறுத்துப் பேசினால், காது கொடுத்துக் கேட்கிறார்களா?

மூன்று: தேர்தல் முடிந்த பிறகும் படிப்பும் விவாதமும் தொடர்கின்றனவா, துண்டறிக்கை விநியோகத்தோடு எல்லாம் முடிந்துவிடுகிறதா?

மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால், பிள்ளை அங்கே கற்றுக்கொள்கிறது. கிடைக்காவிட்டால், அதன் உழைப்பைப் பிறர் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

பிள்ளை எந்தக் கட்சியை விரும்புகிறது என்பது நாளை மாறலாம். சட்டத்தைப் படித்தறிவதும், மாற்றுக் கருத்தைப் பொறுமையோடு கேட்பதும், உரிமையைக் கண்ணியமாகக் கேட்டுப் பெறுவதும் பழகிவிட்டால், அவை வாழ்நாள் முழுவதும் உடன் வரும். ஆகவே, "அரசியல் வேண்டாம்" என்று வாயடைப்பதற்கு முன், "இன்றைய கூட்டத்தில் என்ன பேசினீர்கள்?" என்று கேட்போம். பிள்ளை சொல்லும் பதிலைப் பொறுமையோடு கேட்போம்.