பைபாட் வாங்குவதற்கு முன் படுக்கப் பழகுங்கள்

இங்கிலாந்தின் பிஸ்லியில், ஸ்டிக்கிள்டவுன் மைதானத்தில் 1000 கெஜத்துக்குச் சுட வரும் புதியவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, “எந்த பைபாட் (துப்பாக்கியின் முன்பகுதியைத் தாங்கும் இரட்டைக்கால்) வாங்கலாம்?” என்பதுதான். ஹாரிஸ் நிறுவனத்தின் சாதாரண பைபாடிலும் சுட்டிருக்கிறேன், அதைவிடப் பல மடங்கு விலையுள்ளவற்றிலும் சுட்டிருக்கிறேன். குப்புறப் படுத்துச் சுடுவதில் பெரிய வித்தியாசம் படுக்கும் விதத்தில்தான் இருக்கிறது என்பது என் முடிவு.

சுட்ட மறுகணம் ஸ்கோப்பில் இலக்கு தெரிகிறதா என்று பாருங்கள். துப்பாக்கி ஒரு பக்கமாக உதைத்து இலக்கு மறைந்துவிட்டால், உடம்பு கோணலாகக் கிடக்கிறது என்று அர்த்தம். வார் மாட்டிச் சுடுபவர்கள் சற்றுச் சாய்ந்து படுப்பார்கள். பைபாடுக்கு அது ஒத்துவராது. முதுகெலும்பு குழலின் நேர்க்கோட்டில் இருக்க வேண்டும், குதிகால்கள் தரையோடு படிந்திருக்க வேண்டும்.

அடுத்து, கண்ணை மூடுங்கள். மூச்சை நிதானமாக விட்டுவிட்டுக் கண்ணைத் திறங்கள். குறுக்குக்கோடு இலக்கை விட்டு இடப்பக்கம் போயிருந்தால், கையால் தள்ளிச் சரிசெய்யாதீர்கள். தசையால் பிடித்து நிறுத்திய துப்பாக்கி, டிரிகரை இழுக்கும் நேரத்தில் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். இடுப்பை ஒரு விரல்கடை நகர்த்தி, மறுபடி கண்ணை மூடிப் பாருங்கள். எனக்கு மிக அதிகம் கைகொடுத்த பயிற்சி இதுதான். பைபாட் கால்கள் மீது தோளால் கொடுக்கும் அழுத்தமும் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். குண்டுக்குக் குண்டு அது மாறினால் எந்த பைபாடும் ஈடுகட்டாது.

விலைக்கேற்ற பலன் இல்லாமல் இல்லை. மேடுபள்ளத் தரையில் துப்பாக்கியைச் சாயாமல் நிறுத்த, நல்ல பைபாடின் சுழலும் தலை உதவும். தொலைதூரத்தில் சிறு சாய்வுகூடக் குண்டைப் பக்கவாட்டில் விலக்கிவிடும். பைபாடில் ஊன்றித் தொலைதூரம் சுடும் எஃப்-டிஆர் போட்டியில், பைபாடையும் சேர்த்துத் துப்பாக்கியின் எடை 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது. அங்கே சமபலமுள்ளவர்கள் மோதும்போது, எடை குறைந்த அகலக்கால் பைபாட் புள்ளிகளைக் காப்பாற்றும். ஆனால் .308 ரைஃபிளில், 1000 கெஜத்தில், மணிக்கு ஒரு மைல் வேகக் குறுக்குக்காற்று குண்டை ஏறக்குறைய 9 அங்குலம் தள்ளும். அந்தக் காற்றை நீங்கள்தான் படிக்க வேண்டும்.

பைபாடே இல்லாமலும் துல்லியமாகச் சுட முடியும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெலாரஸின் செர்கெய் மார்ட்டினோவ், 50 மீட்டர் படுத்துச் சுடும் தகுதிச்சுற்றில் 60 குண்டுக்கு 600 புள்ளிகள் எடுத்தார். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். அந்தப் பிரிவில் பைபாடே கிடையாது. முழங்கைகளும் ஒரு வாரும்தான் தாங்கல்.

ஆகவே இப்போதைக்கு ஒரு சாதாரண ஹாரிஸ் போதும். மிச்சப்படும் பணத்தில் தோட்டா வாங்குங்கள், நல்ல பயிற்சியாளரிடம் சில வகுப்புகள் போங்கள். ஒரு வருடம் கழித்தும் பைபாட்தான் குறை என்று தோன்றினால், அப்போது தாராளமாக வாங்குங்கள்.