காக்பிட்டுக்கு முன் ஒரு கோப்பு

நுரையீரலைப் பாதிக்கும் மரபணு நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர் விமானம் ஓட்டலாமா? அமெரிக்க விதிகள் ‘கூடாது’ என்று ஒரே வார்த்தையில் கதவைச் சாத்தவில்லை. விமானிகளுக்கான உடல்தகுதி விதிகளில் பெயர் குறிப்பிட்டுத் தகுதியிழப்பாகச் சொல்லப்பட்ட நிலைகள் 15. அவற்றில் இந்த நோய் இல்லை. அதை நம்பி உடனே பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டிவிட வேண்டாம். பட்டியலில் இல்லாத நோய்க்கும் விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ., ஆளைப் பார்த்துத்தான் முடிவு சொல்லும்.

2019 அக்டோபரில் இந்த நோய்க்கான டிரைகாஃப்டா மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அது வேலை செய்யும் மரபணு மாற்றம் உள்ள பலருக்கு மூச்சுத்திறன் தேறியது, ஆஸ்பத்திரிவாசம் குறைந்தது. ‘என்ன படிக்கலாம், என்ன வேலைக்குப் போகலாம்’ என்று நீண்ட கணக்குப் போடும் இளைஞர்கள் இப்போது இருக்கிறார்கள். அவர்களில் பறக்க ஆசைப்படுபவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

எந்த அளவுக்குப் பறக்க வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். ஏர்லைன் கேப்டன் ஆக முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். 40 வயதுக்குள் 12 மாதத்துக்கு ஒருமுறை, அதன்பின் 6 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சம்பளத்துக்கு மற்ற விமானங்கள் ஓட்ட இரண்டாம் வகுப்பு, சொந்த ஆசைக்கு மூன்றாம் வகுப்பு.

பலர் சறுக்கும் இடம் அடுத்து வருகிறது. விண்ணப்பம் மெட்எக்ஸ்பிரஸ் என்ற இணையப் படிவம். நிரப்பியதும் ஓர் எண் வரும். ஏ.எம்.இ. எனப்படும் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவர் அந்த எண்ணை வைத்துப் படிவத்தைத் திறந்துவிட்டால் விண்ணப்பம் முறைப்படி தொடங்கிவிட்டது. இஷ்டத்துக்குத் திரும்பப் பெற முடியாது. அது மறுப்பில் முடிந்தால் நஷ்டம் பெரிது. கார் ஓட்டுநர் உரிமத்தையே உடல்தகுதிக்கு ஆதாரமாகக் காட்டிச் சிறு விமானம் ஓட்ட அனுமதிக்கும் ஸ்போர்ட் பைலட் வழியும் அடைபட்டுவிடும். விண்ணப்பிக்காமலே இருந்திருந்தால் அந்த வழி திறந்தே இருந்திருக்கும்! ஆகவே எண்ணைக் கையில் கொடுக்காமல், ‘ஆலோசனைக்கு மட்டும் வந்திருக்கிறேன்’ என்று சொல்லி ஏ.எம்.இ.யைப் பாருங்கள். இந்த நோயைப் பற்றித் தெரிந்தவராக இருந்தால் நல்லது. அப்படி ஒருவரைத் தேடிக் கொஞ்சம் அலைந்தாலும் பாதகமில்லை.

பிறகு கோப்பு. நுரையீரல் மருத்துவரின் விரிவான கடிதம், பல ஆண்டு ஸ்பைரோமெட்ரி முடிவுகள், சி.டி. ஸ்கேன். நுரையீரலில் காற்றுப்பை வீங்கியிருக்கிறதா, எப்போதாவது காற்றுக்கசிவு ஏற்பட்டதா என்பது முக்கியம். உயரே போகப்போகச் சிக்கிய காற்று விரியும். பயணிகள் விமானத்துக்குள் காற்றழுத்தம் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமமாகக் குறையலாம். தரையில் 15 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல. அந்தக் காற்றையே கொடுத்துப் பார்க்கும் ஹைபாக்சியா சோதனை உண்டு. எஃப்.ஏ.ஏ. கேட்கும்வரை காத்திராமல் உங்கள் மருத்துவரிடம் அதைப் பற்றிப் பேசிவிடுங்கள்.

எல்லாரும் நுரையீரலையே நினைத்துக்கொண்டிருக்க, சைனஸ் காலை வாரிவிடும். இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்குச் சைனஸ் அடைப்பு உண்டு. மூக்கில் பாலிப்பும் சகஜம். இறங்கும்போது வரும் வலி சாதாரணமானதல்ல. காது மூக்கு தொண்டை மருத்துவரின் கடிதமும் கோப்பில் இருக்கட்டும். டிரைகாஃப்டா எடுப்பவர்களுக்குக் கல்லீரல் பரிசோதனை முடிவுகளும் தேவை. வயது வந்த நோயாளிகளிடம் சர்க்கரை நோய் அடிக்கடி தென்படுகிறது. இன்சுலின் போடுபவருக்கு ஏர்லைன் வேலை ஒருகாலத்தில் எட்டாக்கனி. 2019 நவம்பரில் எஃப்.ஏ.ஏ. அதற்கும் வழி திறந்தது, ஆனால் தொடர் குளுக்கோஸ் கண்காணிப்புக் கருவி போன்ற கடும் நிபந்தனைகளோடு.

ஏ.எம்.இ. தாமே முடிவெடுக்காமல் கோப்பை ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. மருத்துவப் பிரிவுக்கு அனுப்பிவிடலாம். அது மறுப்பு அல்ல. மேலும் ஆவணங்கள் கேட்பார்கள், மாதக்கணக்கில் இழுக்கும். கேட்டதைத் தராமல் விட்டால் மறுப்பாக முடியும். கிடைத்தால், ‘ஸ்பெஷல் இஷ்யூவன்ஸ்’ என்ற காலக்கெடுவுள்ள சிறப்பு அனுமதியாகக் கிடைக்கும். நோயை மறைத்துப் படிவம் நிரப்பும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். பொய்த்தகவல் கூட்டரசுக் குற்றம். அபராதத்தோடு சிறையும் உண்டு.

வேலை கிடைத்தபின் தினப்படிக் கவலைகள் வேறு. டிரைகாஃப்டாவின் காலை மாத்திரைக்கும் மாலை மாத்திரைக்கும் சுமார் 12 மணி நேர இடைவெளி வேண்டும், அதுவும் கொழுப்புள்ள உணவோடு. நேர மண்டலங்களைத் தாண்டிப் பறப்பவர் இதை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். அரிசோனா கோடையில் சின்னப் பயிற்சி விமானத்துக்குள் வியர்வையோடு உப்பும் கொட்டிப்போகும். தொற்று வந்த நாளில் சான்று கையில் இருந்தாலும் பறக்கக் கூடாது என்பது விதி. சில வாரம் சம்பளம் குறைந்தாலும் சமாளிக்கச் சேமிப்பு வேண்டும்.

சான்று கிடைக்காவிட்டால்? கிளைடர் ஓட்ட மருத்துவச் சான்றே தேவையில்லை, உடல் தாங்குமா என்பதை நீங்களே நேர்மையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். தரைப்பாட ஆசிரியருக்கும் சான்று வேண்டாம். என்னைக் கேட்டால் ஏர்லைன் டிஸ்பாட்சர் வேலையைத்தான் முதலில் சொல்வேன். 23 வயது ஆகியிருக்க வேண்டும், மருத்துவச் சான்று கேட்பதில்லை. வானிலை, எரிபொருள், பாதை எல்லாம் உங்கள் மேசையில். புறப்பாட்டுக்கான சட்டப் பொறுப்பைக் கேப்டனோடு பகிர்ந்துகொள்பவரும் நீங்கள்தான்.