முட்டை தேடும் விழா

கிறித்தவ மக்கள் கொண்டாடும் திருநாள்களுள் தலையாயது உயிர்ப்புத் திருநாள் ஆகும். சிலுவையில் உயிர்நீத்த இயேசு பெருமான் மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்னும் நம்பிக்கையின்மேல் எழுந்தது அத்திருநாள். ஆங்கிலத்தில் அதனை ஈஸ்டர் என்பர். கிறிஸ்துமஸைப்போல் ஆண்டுதோறும் ஒரே தேதியில் அது வருவதில்லை. இளவேனிற் காலத்தில் பகலும் இரவும் ஒத்து வரும் நாளை அடுத்துத் தோன்றும் முழுநிலவைப் பார்த்து, அதன்பின் வரும் ஞாயிற்றுக்கிழமையைத் திருநாளாகக் கொள்வது நெடுங்கால வழக்கு. ஆதலின், மேலைத் திருச்சபைகளில் அது மார்ச் 22-க்கு முன்னும் வாராது. ஏப்ரல் 25-க்குப் பின்னும் வாராது. ஐரோப்பாவில் பனி உருகிப் புல் தளிர்க்கும் பருவம் அது. குளிருக்கு அஞ்சி வீட்டினுள் அடைந்து கிடந்த சிறுவர் வெளியே ஓடித் திரிய அதனினும் ஏற்ற காலம் வேறு யாது?

இத்திருநாளுக்கும் முட்டைக்கும் உள்ள தொடர்பு பலருக்கு வியப்பாகத் தோன்றும். திருநாளுக்கு முன் நாற்பது நாள் தவக்காலம் உண்டு. இடைக்கால ஐரோப்பாவில் அந்நாள்களில் இறைச்சியோடு முட்டையையும் விலக்கினர். மக்கள் நோன்பு நோற்றனரேயன்றிக் கோழிகள் நோற்கவில்லை! அவை இட்ட முட்டைகள் வீடுதோறும் குவிந்தன. நோன்பு முடிந்ததும் மக்கள் அவற்றை அவித்து, வண்ணம் ஊட்டி, ஒருவர்க்கொருவர் வழங்கி மகிழ்ந்தனர். இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில், 1290-ஆம் ஆண்டுத் திருநாளுக்காக 450 முட்டைகள் வாங்கிய செலவு எழுதப்பட்டுள்ளது. கிழக்குத் திருச்சபையார் முட்டைக்குச் செந்நிறமே ஊட்டுவர். வெங்காயத் தோலை நீரிலிட்டுக் கொதிக்கவைத்து அந்நிறம் பெறுவது பழைய முறை. ஜெர்மானிய நாட்டிலோ, முயல் ஒன்று வந்து தோட்டத்தில் முட்டைகளை ஒளித்து வைப்பதாகப் பிள்ளைகளுக்குக் கூறினர். முயல் முட்டையிடுமா என்று வினவும் அறிவு அப்பிள்ளைகளுக்கு இல்லாமல் இல்லை. இனிப்புக் கிடைக்கும்வரை அவ்வினாவை அவர்கள் எழுப்புவதில்லை.

அமெரிக்கத் தலைநகரில் முட்டை உருட்டும் ஆட்டம் ஒரு சிறு வழக்காகவே மாறியது. நாடாளுமன்ற மாளிகையின் சரிவான புல்வெளியில் சிறுவர்கள் முட்டை உருட்டி விளையாடினர். புல் அழிந்தது. அதனை விளையாட்டிடமாகப் பயன்படுத்தலாகாது என்று 1876-இல் சட்டம் பிறந்தது. இரண்டாண்டுகள் கழித்து, 1878-இல், குடியரசுத் தலைவர் ஹேய்ஸ் தம் வெள்ளை மாளிகைத் தோட்டத்தைச் சிறுவர்க்குத் திறந்துவிட்டார்.

இக்காலத்தில் அந்நாட்டுச் சிற்றூர்த் தேவாலயங்கள் பல, திருநாளுக்கு முந்திய சனிக்கிழமையன்று முட்டை தேடும் விழா நடத்துகின்றன. ஆட்டம் அரை நாழிகையில் முடிந்துவிடும். அதற்கான உழைப்போ பல நாள்களுடையது. இரண்டாகப் பிரியும் பிளாஸ்டிக் முட்டைகளில் இனிப்புகளை இட்டு மூடவேண்டும். தேவாலயக் கூடத்தின் நீண்ட மேசையைச் சுற்றி, ஓய்வு பெற்ற முதியோரும் கல்லூரி இளைஞரும் தாய்மாரும் மாலைதோறும் அமர்ந்து இதனைச் செய்வர். எளிய வேலைபோல் தோன்றினும் இதிலும் விழிப்பு வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கான முட்டையில் கடினமான மிட்டாய் இடலாகாது. அது தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நிலக்கடலை ஒவ்வாத பிள்ளைகளும் உளர். அவர்களுக்கு அதன் சிறு துணுக்கும் உயிருக்கு இடராகலாம். மெய்யான முட்டைகளை அவித்து வைப்பாராயின், இரண்டு மணி நேரத்திற்குமேல் வெளியில் கிடந்தவற்றை உண்ணக் கொடுத்தல் கூடாது.

சனிக்கிழமை விடியலில் தொண்டர்கள் ஈரப் புல்லில் இறங்குவர். நடை பயிலும் குழந்தைகளுக்கு முட்டைகளை வெளிப்படையாகச் சிதறினால் போதும். பத்து வயதுப் பிள்ளைகளுக்கோ மரவேரின் இடுக்கிலும் புதரின் அடியிலும் மறைத்தாலன்றி ஆட்டம் சுவைக்காது. இரு பகுதிகளையும் பிரிக்கக் கயிறு கட்டுவர். மறைத்தவற்றின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்வது மிக முதன்மையானது. எடுக்காமல் விடுபட்ட அவித்த முட்டை எங்குள்ளது என்பதைச் சில நாள் கழித்து மூக்கே அறிவித்துவிடும்!

மணி ஒலித்ததும் பிள்ளைகள் பாய்ந்தோடுவர். விரைந்தோடும் சிறுவனின் கூடை நிரம்பிவிடும்; கூச்சமுள்ள சிறுமியின் கூடை வெறுமையாகவே இருக்கும். நல்ல தொண்டர் கூட்டத்தைப் பார்ப்பதில்லை, அவ்வெறுங்கூடையையே பார்ப்பார். அவர் சட்டைப்பையில் நாலைந்து முட்டைகள் இருக்கும். அவற்றுள் ஒன்றை அச்சிறுமி நடக்கும் வழியில், அவள் காணாதவாறு நழுவவிடுவார். கையில் கொடுப்பதற்கும் இதற்கும் வேற்றுமை பெரிது. தேடிக் கண்டெடுத்தேன் என்னும் மகிழ்ச்சி இவ்வாறு கிடைத்தால்தான் அவளுக்கு உரியதாகும்.

கண்பார்வையற்ற பிள்ளைகள் எவ்வாறு தேடுவர்? இவ்வினாவிற்கு விடை கண்டவர்கள் யார் தெரியுமா? வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் அமெரிக்க வல்லுநர்களே! மின்கலமும் சிறிய ஒலிக்கருவியும் பொருத்திய முட்டைகளை அவர்கள் உருவாக்கினர். புல்லில் கிடந்து அவை இடைவிடாது ஒலிக்கும். சிறுவன் தலையைச் சாய்த்துக் கேட்பான். ஒலி வரும் திசையில் நடப்பான். குனிந்து கையால் துழாவுவான். கண்டெடுத்த முட்டையைக் கொடுத்து இனிப்பைப் பெற்றுக்கொள்வான். அத்தகைய விழாவில் தொண்டர்க்கு உரிய கடமை, சுற்றி நிற்போரைப் பேசாதிருக்கச் செய்வதே. அன்பு மிகுதியால் 'இடப்பக்கம்! இடப்பக்கம்!' என்று கூவும் உறவினரே அச்சிறுவனுக்குப் பெருந்தடையாவர்.

விழா முடிந்தபின்னும் வேலை முடிவதில்லை. கயிற்றை அவிழ்த்து, உடைந்த ஓடுகளைப் பொறுக்கி, பிளாஸ்டிக் முட்டைகளை அடுத்த ஆண்டிற்கெனக் கழுவி அடுக்கவேண்டும். மறுநாள் ஞாயிறன்று கதிரவன் எழும் வேளையிலேயே வழிபாடு நடத்தும் தேவாலயங்களும் பல. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்னும் ஊரில் மொரேவியச் சபையார் 1732-இல் தொடங்கிய வழக்கம் அது. ஆதலின் தொண்டர்க்கு இரண்டாம் விடியலிலும் உறக்கம் இல்லை. இங்கிலாந்தில் 1871-ஆம் ஆண்டுச் சட்டம் திங்கட்கிழமையையும் விடுமுறையாக்கியதால் அந்நாட்டார் அன்று இளைப்பாறுவர். அமெரிக்கத் தொண்டரோ பெரும்பாலும் ஞாயிறு பிற்பகலையே நம்பியிருத்தல் வேண்டும்.

நண்பகல் உணவு முடிந்து வீடு சேர்ந்ததும் அவர் காலணிகளைக் கழற்றுவார். சாய்வு நாற்காலியில் அமர்ந்து, வீங்கிய கால்களை முக்காலியின்மேல் நீட்டுவார். தேநீர் ஆறிக்கொண்டிருக்கும், எடுத்துப் பருகவும் சோம்பலாயிருக்கும். கண்ணாடியைத் தேடிச் சட்டைப்பையில் கைவிடும்போது, நேற்றைய முட்டை ஒன்று மிஞ்சியிருப்பது தட்டுப்படும். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அதனைத் திறந்து, உள்ளிருக்கும் மிட்டாயைத் தாமே வாயில் இட்டுக்கொள்வார்.